வீட்டில் எத்தனை பேர்

சாண்ட் பே, விஸ்கான்சின்
நவம்பர் 8

அன்புள்ள ரெய்னோவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் விலாசத்தை உன் சிநேகிதன் ஹாரி கோஸ்கியிடம் கெஞ்சி வாங்கினேன். போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது என்ற தைரியத்தில் உட்கார்ந்திருக்கிறேன். உடம்பு நன்றாக இருக்கிறதா? வடக்கு டகோட்டாவில் இதற்குள் பனி கொட்டத் தொடங்கியிருக்கும். எண்ணெய்க் கிணற்றடியில் நிற்கும்போது கையுறையைக் கழற்றாதே.

இங்கே மூன்று நாளாக ஏரியிலிருந்து மூடுபனி கிளம்பி ஊருக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. எங்கள் பள்ளி மாவட்ட அலுவலக ஜன்னலிலிருந்து கொடிமரம் பாதிதான் தெரிகிறது. பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பனிக்குள் கரைந்துபோய், சாப்பாட்டுக் கூடத்து வாசலில் மறுபடி முளைக்கிறார்கள். நான் வேலையை மறந்து பார்த்துக்கொண்டு நிற்கிறேன். "அர்வோ, சம்பளம் தர்றது ஃபைலைப் பாக்க, பனியைப் பாக்க இல்ல" என்று என்னோடு வேலை பார்க்கும் டோரீன் கேலி செய்கிறாள். டோய்வோவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. எல்சி தன் வகுப்பில் எழுந்து நின்று, "எங்கப்பா பூமிக்குள்ள கையை விட்டு எண்ணெய் எடுக்கறாரு" என்று சொன்னாளாம்.

என் வேலையைப் பற்றிப் பேசினாலே உனக்குக் கொட்டாவி வரும். ஆனாலும் இதைப் படி. வாஷிங்டன் தரும் பணத்தில் நடக்கும் பள்ளிச் சாப்பாட்டை இலவசமாகக் கேட்டுக் குடும்பங்கள் எழுதித் தருகின்றன அல்லவா? அவற்றில் சிலவற்றை வருடாவருடம் எடுத்துச் சரிபார்க்க வேண்டும். இந்த வருடம் தொண்ணூற்றொரு விண்ணப்பம். வருமான வரம்பை ஒட்டி நின்றவற்றைக் குலுக்கி மூன்று எடுத்தேன். மூன்றாவதை விரித்ததுமே கையெழுத்து யாருடையது என்று தெரிந்துவிட்டது. கொரின். உன் மனைவி.

வீட்டில் வசிப்பவர்கள் என்ற இடத்தில் நான்கு பெயர் எழுதியிருந்தாள். அவள், டோய்வோ, எல்சி, கடைசியில் நீ. உனக்கு எதிரே, நீ வீட்டுக்கு அனுப்பும் பணத்தை எழுத வேண்டிய வருமானக் கட்டம் காலி. காலியாக விட்டால் ஒன்றும் வருவதில்லை என்று சத்தியம் செய்ததாகக் கணக்கு. நீ எதுவும் அனுப்புவதில்லை என்பதை நான் இப்படித்தான் தெரிந்துகொண்டேன், ரெய்னோ. ஞாயிறு தோறும் என்னோடு உட்கார்ந்து காபி குடிக்கிறாள், ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

உறவுக்காரர் தாளை நான் தொடக்கூடாது. டோரீனிடம் கொடுத்துவிட்டேன். அவள் விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவள். வேலைக்காக வெளியூர் போனவர் திரும்பி வருவார் என்றால் அவர் அந்த வீட்டு ஆள். வரமாட்டார் என்றால் பெயரை எடுத்துவிட வேண்டும். நால்வர் என்றால் கொரினின் இரண்டு வேலைச் சம்பளமும் வரம்புக்குள் அடங்கும். மூவர் என்றால் தாண்டிவிடும், பிள்ளைகளின் இலவசச் சாப்பாடு போய்விடும்.

கொரினை வரச்சொல்லி விசாரித்தாள். நான் பக்கத்து அறையில் எதையோ தேடுவதுபோல நின்றிருந்தேன்.

"உன் வீட்டுக்காரர் எப்பம்மா வருவார்?" என்று டோரீன் கேட்டாள். "வருவார்" என்றாள் கொரின். "அதான், எப்ப?" "அது தெரியாது. ஆனா வருவார்." மூணு பேர்னு மாத்திட்டா ஒரு தொந்தரவும் இல்ல, முழு விலை கேக்க மாட்டாங்க, குறைச்சுத்தான் வாங்குவாங்க என்று டோரீன் அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். "என் கையால அவர் பேரை அடிக்கச் சொல்றீங்களா? நான் மாட்டேன். வேணும்னா நீங்களே அடிச்சுக்குங்க." என்று சொல்லிக் கொரின் கோட்டை மாட்டிக்கொண்டு பனிக்குள் இறங்கிப் போய்விட்டாள். அவள் வேலை பார்க்கும் மோட்டலில் பதினொரு அறைக்குப் படுக்கை விரிக்க வேண்டிய நாள் அது.

அன்று மத்தியானம் ஹீட்டர் சூட்டில் நாற்காலியிலேயே கண்ணசந்துவிட்டேன். கனவில், விண்ணப்பங்களில் இருந்த பெயர்களெல்லாம் எழுந்து ஆளுக்கொரு தட்டு ஏந்திச் சாப்பாட்டு வரிசையில் நிற்கின்றன. கூடத்துக்குள்ளேயே பனி. யாருக்கும் அவசரமில்லை. வரிசைக் கடைசியில் நீ, வேலைத் தொப்பியோடு. உன் முறை வந்ததும், பிள்ளைகள் சாப்பாட்டுக் கணக்குக்கு அழுத்துவதுபோல, உன் நம்பரை அழுத்தச் சொல்கிறார்கள். உனக்கு நம்பர் தெரியவில்லை. எல்சி உன் சட்டையை இழுத்து, "என் நம்பரைப் போடுப்பா, பரவால்ல" என்கிறாள். நீ குனிந்து அழுத்துகிறாய். எந்த எண் என்று பார்ப்பதற்குள் விழித்துக்கொண்டேன். சாயங்காலம் வரை யார் பேசியதும் என் காதில் ஏறவில்லை.

விதியில் இன்னொரு வழி உண்டு. விவரம் தெரிந்த ஒருவர், அந்த வீட்டுக்கு வெளியே உள்ளவர், எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளலாம். யாரைக் கேட்க என்ற கேள்விக்குக் கொரின் எழுதியிருந்தது என் பெயரை. "உங்க மகன் திரும்பி வருவானா, அர்வோ? நீங்களே சொல்லுங்க" என்று டோரீன் தாளை என் பக்கம் நகர்த்தினாள்.

இருபத்திரண்டு வருஷமாக இந்த நாற்காலியில் இருக்கிறேன். எத்தனை பெண்களிடம், "வருவாருங்கற நம்பிக்கையெல்லாம் ஆதாரம் ஆகாதும்மா" என்று தாளைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்! ஒருவருக்கும் வளைந்து கொடுத்ததில்லை என்று எனக்கு உள்ளூரக் கர்வம்கூட உண்டு. இரண்டு நாள் அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் நடந்தேன். கடைசித் தேதி பதினைந்து. உனக்கு எழுதி, நீ பதில் போட்டு, அது வந்து சேர நேரமில்லை. நேரம் இருந்தாலும் நீ எழுதியிருப்பாயா?

இன்று காலை எழுதிக் கொடுத்துவிட்டேன். 'என் மகன் வேலைக்காகத்தான் போயிருக்கிறான். திரும்பி வருவான். இது எனக்குத் தெரியும்.' கீழே கையெழுத்து. டோரீன் படித்தாள், என் முகத்தைப் பார்த்தாள், ஃபைலில் வைத்து மூடினாள்.

எனக்குத் தெரியாது, ரெய்னோ. தெரியாததைத் தெரியும் என்று நான் எழுதியது இதுதான் முதல் தடவை.

நீ எங்கே இருந்தாலும் கடவுள் உன் கையையும் காலையும் காப்பாற்றட்டும். என் கையெழுத்தையும் நீ காப்பாற்று.

உன் அப்பா,
அர்வோ லாஹ்டினென்