லகாட் கால்வாயில் நாடா பொறுக்கிய பாக்கியம் அண்ணிக்கு

என் அன்பான பாக்கியம் அண்ணிக்கு,

நேற்று உங்கள் முதல் வருஷத் திதி. அண்ணன்தான் சமைத்தார். யாரையும் அடுப்படிப் பக்கம் விடவில்லை. சாம்பாரில் உப்பு தூக்கல், பாயசத்தில் இனிப்பே இல்லை. ஆனாலும் வந்த பெண்கள் எல்லோரும் இலையை வழித்துச் சாப்பிட்டார்கள். "பாக்கியக்கா இருந்தா இந்தச் சாம்பாருக்கு அண்ணன வச்சு வாங்கியிருக்கும் லா" என்று தோட்டத்து நாளிலிருந்து நம்மோடு இருக்கும் அஞ்சலை சொன்னாள். அதுவரை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

பத்திரிகையில் உங்கள் படத்தைப் போட்டு நினைவஞ்சலி எழுதலாம் என்று அண்ணன் ஆசைப்பட்டார். படத்துக்கு எங்கே போவது? உங்கள் சிவப்பு ஐசியில், அந்த அடையாள அட்டையில், ஒட்டியிருந்தது ஒன்றுதான் இருக்கிறது. அதில் நீங்கள் எதையோ திருடிவிட்டுப் பிடிபட்டவர் மாதிரி விழிக்கிறீர்கள். அதைப் பார்த்து யார் உங்களைத் தெரிந்துகொள்ள முடியும்? அதனால்தான் இந்தக் கடிதம். எழுத்து வாசனை உங்களுக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். தோட்டத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லிக் கேட்பீர்களே, அதே மாதிரி இதையும் எங்காவது யாராவது சத்தமாக வாசிக்கட்டும்.

நம் தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்த வருஷம் உங்களுக்கு நினைவிருக்கும். எண்ணெய்க்குச் செம்பனை நடப்போகிறோம், இத்தனை பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். லயத்து வீட்டைக் காலி செய்து, லகாட்டுக்குப் பக்கத்தில் பழைய ஈயச் சுரங்க மண்ணில் பலகை வீடு கட்டிக்கொண்டோம். அண்ணனுக்கு லோரியில் கெலிண்டான் வேலை கிடைத்தது. ஓட்டுநருக்குத் துணையாகப் போய்ச் சாமான் ஏற்றி இறக்க வேண்டும். எனக்குக் குடியுரிமை உள்ள நீல ஐசி இருந்ததால் ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவப் போனேன். உங்களை எந்தத் தொழிற்சாலை வாசலிலும் நிற்க விடவில்லை. சிறு வயதில் கப்பலில் வந்து, விவரம் தெரிந்த நாளிலிருந்து ரப்பர் பாலுக்கு மரம் வெட்டிய உங்களிடம் சிவப்பு ஐசியைப் பார்த்து, "வேலை பெர்மிட் இருக்கா?" என்று கேட்டார்கள். அஞ்சலைக்கும் அதே கதைதான். அவளுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. தோட்டத்தில் ரப்பர் பால் உறையவைக்கும் ஆசிட் கொட்டி அவள் வலது கை விரல்கள் மடங்காமல் போயிருந்தன.

அந்த மழைக்காலத்தில் கால்வாய் அடைத்துக்கொண்டு தண்ணீர் நம் வீட்டுக்குள் வந்தது. பின்பக்கத்துச் சாமான் கிடங்கில் பெட்டிகளைப் பிரித்துவிட்டு, அவற்றைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் நாடாக்களைக் கால்வாயில் எறிந்துவிடுவார்கள். மஞ்சளும் நீலமுமாக அவை சிக்கிச் சுருண்டு கிடந்தன. ஆண்கள் கம்பால் குத்திக்கொண்டிருக்க, நீங்கள் கைலியை ஏற்றிக் கட்டிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினீர்கள். அடைப்பு போனதும் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். நீங்கள் மட்டும் ஒரு நாடாவைக் கம்பத்தில் மாட்டி, அதில் தொங்கிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"என்னா அண்ணி செய்றீங்க?"

"அறுந்து போவ மாட்டேங்குது தனம். நானே தொங்குறேன், அறுந்து போவ மாட்டேங்குது பாரு!"

அடுத்த நாள் நம் வீட்டிலிருந்த ஒரே நல்ல பிரம்புக் கூடையைப் பிரித்துப் போட்டுவிட்டீர்கள். எப்படிப் பின்னியிருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டுமாம். அண்ணன் கத்தினார். நீங்கள் காதில் வாங்கவில்லை. பிரம்பு போன வழியிலேயே நாடாவை விட்டு, அவிழ்த்து, மறுபடி விட்டு, விரலெல்லாம் கீறிக்கொண்டு ஒரு கூடையை முடித்தீர்கள். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பார்க்கச் சிரிப்பாக இருந்தது. ஆனால் தண்ணீர்த் தவலையை வைத்துத் தூக்கினால் தாங்கியது.

அந்தக் கோணல் கூடையோடுதான் ஈப்போ மார்க்கெட்டுக்குப் போனீர்கள். மீன் விற்கும் சீன அக்கா அதைத் தூக்கிப் பார்த்தாள், உதறிப் பார்த்தாள். பிரம்புக் கூடை மீன் தண்ணீரில் சீக்கிரம் அழுகிப்போகும். இது அழுகுமா என்று மலாயில் கேட்டாள். "கால்வாயிலேயே அழுவல. ஒங்க மீனுலயா அழுவப் போவுது?" என்று நீங்கள் தமிழிலேயே சொன்னீர்கள். அவளுக்கு என்ன புரிந்ததோ, கூடையை வைத்துக்கொண்டு, இன்னும் வேண்டும் என்று விரலைக் காட்டினாள்.

அப்புறம் நம் வரிசைப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். வேகமாகப் பின்னுகிறவர்களை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் வேலை சுலபமாக நடந்திருக்கும். நானே அப்படிச் சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை. உட்கார்ந்து பின்ன முடியாதவர்கள் நாடாவில் பூட்டியிருந்த கிளிப்பைக் கழற்றினார்கள். கண் மங்கியவர்கள் நாடாவை நீவிச் சுருட்டினார்கள். கழுவுகிற வேலை அஞ்சலையிடம் போனது. மண்ணெண்ணெய் டின்னில் சுடுநீர் வைத்து, சோப்புத் தூளில் நாடாக்களை ஊறப்போட்டு, நிறம் பார்த்துப் பிரித்துக் கொடியில் தொங்கவிடுவாள். வேலைக்கென்று வீட்டுப் பக்கத்தில் போட்ட நம் கொட்டகை வாசலைப் பார்த்தால் தைப்பூசத்துக்குத் தோரணம் கட்டிய மாதிரி இருக்கும்.

அண்ணனுக்குத்தான் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதைவிட வெட்கம். கோப்பிக் கடையில் யாரோ "ஒன் சம்சாரம் குப்ப பொறுக்குதாமே" என்று கேட்டுவிட்டார்கள்.

"நான் என்னா ஒனக்குச் சோறு போடலயா? ஏன் இப்படி மானத்த வாங்குற?" என்று அன்றைக்கு வந்து கேட்டார்.

"சோறு போடுறீங்க. நான் இல்லேனு சொன்னனா? அஞ்சலைக்கு யாரு போடுறா?"

அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அதற்கப்புறம் கொட்டகைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். கூடையைத் தாண்டிப் போக நேர்ந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நீங்கள் அதைப் பற்றி என்னிடம்கூட ஒரு வார்த்தை பேசியதில்லை. உள்ளுக்குள் எவ்வளவு வலித்திருக்கும், அண்ணி?

தாப்பாவிலிருந்து காய்கறித் தவுக்கே, அந்தச் சீன முதலாளி, வந்தது அப்போதுதான். மீன்கார அக்காவின் கூடையைப் பார்த்துவிட்டு நம் வீட்டைத் தேடிக்கொண்டு வந்திருந்தார். மலையிலிருந்து இறக்கும் காய்களை மூங்கில் கூடையில் போட்டால் கூடை வழியிலேயே உடைகிறது, சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு பின்னிக் கொடு என்றார். நம் கொட்டகை அன்றுமாதிரி என்றைக்கும் கலகலவென்று இருந்ததில்லை. கையில் பின்னலும் வாயில் பாட்டுமாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கூடைகள் கூரை வரைக்கும் ஏறின.

அந்த வெயிலில் சுரங்க மண்ணெல்லாம் லாலான் புல் காய்ந்து நின்றது. அஞ்சலை நாடா கழுவச் சுடுநீர் வைத்திருந்தாள். ஒரு காற்று அடித்தது. அடுப்பிலிருந்து நெருப்பு பறந்து புல்லில் விழுந்தது. "தீ, தீ" என்று அவள் கத்தியதைக் கேட்டு நாம் வெளியே ஓடி வருவதற்குள் புல் கொட்டகை வரைக்கும் எரிந்துவிட்டது. வாளி வாளியாக ஊற்றினோம். வீடுகளைக் காப்பாற்ற முடிந்தது. கொட்டகை போய்விட்டது. கூடைகள், சேர்த்து வைத்த நாடாக்கள், எல்லாம் உருகி ஒரே கறுப்புக் கட்டியாகக் கிடந்தன. அந்த நாற்றம் பல நாள் நம் தலைமுடியில் இருந்தது.

பெண்கள் அஞ்சலையைச் சூழ்ந்துகொண்டார்கள். "கை வெளங்காதவள அடுப்புக்கிட்ட விட்டா இப்படித்தான்" என்று ஒருத்தி சொன்னாள். அஞ்சலை கரி படிந்த கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள்.

நீங்கள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனீர்கள்.

"அடுப்ப அங்க வைக்கச் சொன்னது யாரு? நானு. புல்ல வெட்டாம வுட்டது யாரு? அதுவும் நானு. திட்டணும்னா என்னைத் திட்டுங்க. அவளத் திட்டிட்டு எவளும் நாளைக்கு எங்கூட ஒக்கார வேணாம்."

கூட்டம் தானாகக் கலைந்தது. உங்கள் குரல் அப்படி இருந்தது. ஆனால் அதற்கப்புறம் உங்களைக் காணாமல் தேடிக்கொண்டு வந்தேன். தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் உட்கார்ந்து, சத்தம் வெளியே கேட்காமலிருக்க வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீங்கள் என் தோளில் சாய்ந்துகொண்டீர்கள். உங்களுக்கும் சாய ஒரு தோள் வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு தாப்பாவுக்கு பஸ் ஏறினீர்கள். "ஆள் விட்டுச் சொல்லி அனுப்பலாமே அண்ணி" என்றேன். "வாங்க மாட்டேன்னு சொல்றதா இருந்தா மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்" என்றீர்கள். தவுக்கேயின் கடையில் நின்று, உங்களுக்குத் தெரிந்த மலாயில், "சுடா ஹாபிஸ், தவுக்கே" என்றீர்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் நெருப்பு வந்த கதையைக் கையாலேயே சொல்லிக் காட்டினீர்கள். அவருக்குக் கோபம் வந்தது. பெருநாள் நேரத்தில் கூடைக்கு நான் எங்கே போவேன் என்று சத்தம் போட்டார். நீங்கள் தலையைக் குனியவும் இல்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. அவர் கத்தி முடிக்கும்வரை நின்றீர்கள். கடைசியில், "போலே புவாட் லாகி?" என்று கேட்டார். மறுபடி செய்ய முடியுமா?

"நாடா இருந்தா முடியும்" என்றீர்கள்.

அவர் எழுந்துபோய்க் கடையின் பின்கதவைத் திறந்துவிட்டார். உரப் பெட்டியும் விதைப் பெட்டியும் பிரித்த நாடாக்கள் அங்கே மலையாகக் குவிந்திருந்தன. முடிந்ததை எடுத்துக்கொண்டு போ என்றார். தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் கட்டி எடுத்துக்கொண்டோம். பஸ் கண்டக்டர் திட்டிக்கொண்டே ஏற்றினார். ஆனால் அது போதாது என்று இருவருக்குமே தெரிந்திருந்தது. வழியெல்லாம் நீங்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

அந்த வாரக் கடைசியில் நம் வரிசை முனையில் ஒரு லோரி வந்து நின்றது, நினைவிருக்கிறதா? கோப்பிக் கடையில் இருந்த ஆண்கள் எல்லோரும் எழுந்து பார்த்தார்கள். பின்னால் நாடா மூட்டைகளுக்கு மேல் அண்ணன் உட்கார்ந்திருந்தார். சாமான் இறக்கிய ஊரிலெல்லாம், கோலா கங்சார் கடைகள்வரைக்கும், குப்பை மேட்டில் ஏறிப் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார். ஓட்டுநர் கேலி செய்தபோது, "எங்க வீட்டுக்காரிக்கு வேணும்" என்றாராம். கீழே குதித்து, ஊர் பார்க்க, ஒரு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு உங்கள் முன்னால் வந்து நின்றார்.

"எங்க எறக்கணும்?"

நீங்கள் முந்தானையை எடுத்து அவர் முகத்தில் இருந்த அழுக்கைத் துடைத்துவிட்டீர்கள். அதுவும் ஊர் பார்க்கத்தான். அன்றைக்கு அண்ணன் வெட்கப்பட்ட மாதிரி அவர் கல்யாணத்தில்கூட வெட்கப்படவில்லை.

பெருநாளுக்குக் கூடைகள் தாப்பாவுக்குப் போயின. சொன்ன அளவு இல்லை, ஆனால் தவுக்கே முகம் சுளிக்காத அளவு. அஞ்சலையைத் திட்டிய அதே பெண், பெருநாள் முடிந்து ஒருநாள் அவளுக்கு மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்தாள். வரவர நம் வரிசையில் பெண்கள் கையில் சொந்தக் காசு புழங்கியது. அஞ்சலை தன் மகளை இடைநிலைப் பள்ளிக்கு அனுப்பினாள். கிடங்குக்காரர்களும் நாடாவைக் கால்வாயில் எறிவதை விட்டுவிட்டு, கட்டி வைத்து நம்மைக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

வயிற்றில் கட்டி என்று ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் உங்களைப் படுக்க வைத்தபோதும் நீங்கள் சும்மா இல்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த மலாய்க்கார அம்மாவுக்கு, சொட்டு மருந்துக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டே பின்னல் சொல்லிக் கொடுத்தீர்கள். தாதி கோபித்தாள். மறுநாள் அந்தத் தாதியே தனக்கு ஒரு பை வேண்டும் என்று கேட்டாள். வலி அதிகமாக இருந்த நாளில் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குப் பயமா இருக்கு தனம்" என்றீர்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. என்ன சொல்லியிருக்க வேண்டும், அண்ணி?

இப்போது கொட்டகைக்குத் தகரக் கூரை போட்டிருக்கிறோம். அண்ணன் ஓய்வு நாளில் வந்து உட்கார்ந்து கிளிப்பு கழற்றுகிறார். ரொட்டிப் பை, மாவுப் பை எல்லாவற்றையும் கத்தரித்துத் திரித்துப் பாய் பின்னலாமா என்று பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் சரியாக வரவில்லை. நீங்கள் இருந்திருந்தால் அதில் ஏறி மிதித்துப் பார்த்திருப்பீர்கள்.

நேற்றுத் திதிக்குத் தெரியாத பெண்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். கோலா கங்சார் பக்கத்துத் தோட்டமாம். அங்கேயும் மரம் சாய்க்கிறார்கள். பின்னல் கற்றுக்கொள்ள உங்களைத் தேடித்தான் வந்தார்கள். நீங்கள் இல்லை என்று சொன்னதும் திரும்பிப் போக எழுந்தார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது என்பது உங்களுக்குத் தெரியும். நான் வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அஞ்சலை அவர்கள் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். "எங்க போறீங்க? சாப்புட்டுட்டுப் போங்க லா. நாளைக்கு நாங்க வாரோம்" என்றாள்.

இன்னும் விடியவில்லை. விடிந்ததும் நானும் அவளும் கிளம்புகிறோம். அங்கே யார் வந்து உட்கார்ந்தாலும், அவர்கள் கை எப்படி இருந்தாலும், அதற்கேற்ற வேலை ஒன்றைத் தேடிக் கொடுப்போம். இது உங்கள் மேல் சத்தியம். பேச்சு வராவிட்டாலும் பேசிவிடுவேன், அண்ணி.

உங்கள் தோளும் என் தோளும் ஒன்று என்றிருந்த நாத்தனார்,
தனலெட்சுமி