நோயற்றவர் வரிசையில் என் ரத்தம்

கோபன்ஹேகன், வியாழன்

அன்புள்ள அப்பாவுக்கு மார்யுன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? கிளாக்ஸ்விக்கில் காற்று ஓய்ந்ததா?

இங்கே ஆய்வகத்தில் ஒரு வேடிக்கை. செல்களைக் கெடுக்கும் ஒருவகை ஆக்சிஜனை முறிக்க உடம்பில் ஒரு நொதி உண்டு. அதன் மரபணு மாறியிருந்தால் சர்க்கரை நோய்க்கு வாய்ப்பு கூடுமா என்று ஆராய்கிறோம். ஒப்பிட நோயற்றவர் ரத்தம் போதவில்லை; நானே கொடுத்தேன். அடுத்த வாரம், என்னோடு வேலை செய்யும் சிக்ரித் என் ரத்தம் இருந்த குழாயைத் திருப்பி நீட்டினாள்.

"இதை இந்த வரிசைல வைக்க முடியாதுடி. ரெண்டு தடவை பாத்துட்டேன், உனக்கே சர்க்கரை இருக்கு."

மாறிய மரபணுவும் இருக்கிறது, இரண்டு பிரதிகளாக. ஒன்று அம்மா தந்தது, மற்றது நீங்கள் தந்தது. அம்மா இருந்தவரை அவளிடம், "சர்க்கரையெல்லாம் உங்க வீட்டுச் சொத்து" என்று கேலி செய்வீர்களே, அதில் பாதியை வாபஸ் வாங்குங்கள். திங்கட்கிழமை வெறும் வயிற்றோடு போய் நீங்களும் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். எனக்கு இப்போதைக்கு மாத்திரை போதுமாம்.

சிக்ரித் கூப்பிடுகிறாள், முடிக்கிறேன். ருபார்ப் தண்டு ஜாம் இனி அனுப்ப வேண்டாம். ஜாடிமேல் தேதியும் அன்றைய வானிலையும் எழுதி ஒட்டுவீர்களே, அந்தச் சீட்டை மட்டும் மாதாமாதம் அனுப்புங்கள்.

மார்யுன்