ஜன்னலில் கிடக்கும் களிம்பு

ஏனுங்க,

வயிற்றுக் குழாய் வழியே கிருமி நுழைந்து, டயாலிசிஸ் தண்ணீர் கஞ்சி மாதிரி கலங்கி, பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பக்கத்து வீட்டு கெஸியாதான் காரணம் என்று காந்தல் ஊர் முழுக்கக் கேட்கும்படி அவளைத் திட்டி விரட்டினீர்கள். மாஸ்க் இல்லாமல் அவள் என் அறைக்குள் வந்ததே கிடையாது.

நீங்கள்? "கட்டுன பொண்டாட்டி முன்னால எனக்கெதுக்கு மாஸ்க்கு?" என்று சொல்லிக்கொண்டே டயாலிசிஸ் தண்ணீர்ப் பையை மாற்றினீர்கள்.

ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்ததில், அந்தக் கிருமி உங்கள் மூக்கில்தான் இருக்கிறதாம். உங்களை ஒன்றும் செய்யாதாம், என்னைத்தான் கொல்லுமாம். நர்ஸ் கொடுத்த மூக்குக் களிம்பு ஒரு வாரமாக ஜன்னலில் பிரிக்காமல் கிடக்கிறது.

இனி பையை நானே மாற்றிக்கொள்வேன். கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டேன். ஐந்து நாள் களிம்பு தடவுங்கள். பிறகு கெஸியாவைக் கூட்டிவந்து தட்டுங்கள். மன்னித்துவிட்டதாக அவள் சொன்னால்தான் திறப்பேன்.

இப்படிக்கு,
நீங்கள் கட்டின பொண்டாட்டி