கேள்விக்குப் பின் விட்ட இடைவெளி

ஜனவரி 12

பாசத்திற்குரிய தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம், உன் நலத்தை உன் கையெழுத்திலேயே அறிய விழைகிறேன். தொலைபேசியில் நீ "அப்புறம் பேசறேன்" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது என்பதால்தான் நான் தங்கப்போகும் விடுதிகளின் முகவரிகளையெல்லாம் உனக்கு முன்பே எழுதி அனுப்பினேன்.

என் பணியை "ஊர் ஊராகச் சைக்கிள் மிதிப்பது" என்று கேலி செய்தாய். சைக்கிள் எங்கும் நகர்வதில்லை என்பதைத் தவிர உன் வருணனையில் பிழை இல்லை. உடற்பயிற்சிக் கூடம் ஒன்றை அடைந்ததும் எங்கள் நிறுவனத்தின் மேலாளர் அதன் முதலாளியோடு தேநீர் அருந்தப் போய்விடுவார். நானும் வேன் ஓட்டுநரும் சன்னல்களில் கறுப்புத் துணி கட்டி, திரையையும் ஒலிபெருக்கிகளையும் பொருத்துவோம். உறுப்பினர்கள் நிலைச் சைக்கிள்களில் ஏறி அமர்ந்ததும் விளக்குகள் அணையும். திரையில் மலைப்பாதை ஒன்று விரியும். ஒரு குரல் வழிநடத்தும். பயிற்சியாளர் இல்லாமலே வகுப்பு நடக்கும். நான் முதல் வரிசையில் அவர்களுக்கு முதுகு காட்டியபடி மிதிப்பேன். முன்னால் ஒரு முதுகு அசைந்துகொண்டே இருந்தால் பின்னால் இருப்பவர்கள் நிறுத்த வெட்கப்படுவார்கள். விளக்கு எரிகிறபோது வியர்த்துச் சிரிக்கும் முகங்களை முதலாளி பார்க்கிறார், பார்த்ததும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். ஆளில்லாமல் காலியாகக் கிடக்கும் நேரங்களுக்கே இந்தத் திரை வகுப்பு என்று மேலாளர் எல்லா இடத்திலும் விளக்குகிறார்.

இனி நற்செய்தி. இப்போதுள்ள குரலில் உயிரில்லை என்று முதலாளிகள் குறைப்பட்டதால், புதிய பதிவுக்கு என் குரலைத் தேர்ந்திருக்கிறார்கள். பொட்டலம் கட்டி வந்த செய்தித்தாள்களை உரக்கப் படித்தே நாவைத் திருத்திக்கொண்டவள் நான். பள்ளிக்கூடம் என்னை எட்டாம் வகுப்போடு அனுப்பிவிட்டது. அந்த நா இன்று ஊரெங்கும் ஒலிக்கப் போகிறது. நீ நேரில் வகுப்பு நடத்துபவள். வகுப்பில் என்னென்ன சொல்வாய் என்பதை எனக்கு எழுதி அனுப்புவாயாக.

என்றும் உன் நலம் நாடும்,
அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வகுப்பு முடிந்ததும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "அறிய விழைகிறேன்" வந்தபோது மருந்துக்கடைக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "உங்க அக்கா வக்கீலா டீச்சர்?" என்று கேட்டார். தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருப்பவர். என் காலை வகுப்பில் பின்வரிசை ஓரத்துச் சைக்கிள் அவருடையது. வேறு யாராவது அதில் ஏறிவிட்டால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

நான் பெரிதாக எதுவும் சொல்வதில்லை. தோளை இறக்குங்கள், கைப்பிடியை நெரிக்காதீர்கள், அது யார் கழுத்தும் இல்லை என்பேன். சிரிப்பார்கள். ஆனால் மலையேற்றம்போல் இறுக்கி மிதிக்கவைக்கும்போது, பாதியில் ஒன்று செய்வேன். அது உன்னிடமிருந்து வந்தது. அம்மா போன பிறகு எனக்கு மூச்சு இரைக்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டே?" என்று கேட்பாயே, நினைவிருக்கிறதா? ஒரே மூச்சில் முழு வாக்கியம் சொல்லிவிட்டால் விட்டுவிடுவாய். சொல் உடைந்தால் முதுகைத் தடவுவாய். பதிலே வராவிட்டால் என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவர் வீட்டுக்கு ஓடுவாய்.

நானும் அதையேதான் கேட்கிறேன். சைக்கிள்களுக்கு நடுவே நடந்து ஒவ்வொருவரிடமும் கேட்பேன். வாக்கியம் முழுதாக வந்தால் அடுத்தவரிடம் போவேன். உடைந்தால் அவர் சைக்கிளை இறுக்கும் திருகை நானே தளர்த்துவேன். பதில் வராவிட்டால் வகுப்பையே நிறுத்திவிடுவேன். மருந்துக்கடைக்காரரின் பதில் தினமும் ஒன்றுதான்: "என்ன சாப்பிட்டேன்னு எனக்கே தெரியல டீச்சர். சமைச்ச வீட்டம்மாவுக்கும் தெரியாது." அதைச் சொல்லி முடிப்பதற்குள் பாதி நாள் மூச்சு வாங்கிவிடும். அவர் திருகைத்தான் நான் அதிகம் தளர்த்தியிருக்கிறேன். "மாத்திரை விக்கிறவனுக்கே வைத்தியமா?" என்பார்.

எங்கள் கூடம் உங்கள் சுற்றுப்பயணத்தில் இல்லைதானே?

உன்,
தங்கை


பிப்ரவரி 9

பாசத்திற்குரிய தங்கைக்கு,

உன் கடிதம் எனக்குப் பெரும் துணையாயிற்று. பதிவு இனிதே நிறைவேறியது. சுவரெல்லாம் கம்பளி ஒட்டிய சிறிய அறை; நான் இருமினால்கூட அந்த இருமல் திரும்பி வராது. அங்கே நின்று, கண்ணெதிரே நூறு பேர் மிதிப்பதாகக் கற்பனை செய்துகொண்டு பேசினேன்.

உன் கேள்வியையும் கேட்டேன். கேட்டுவிட்டு, பதிலுக்காக மூன்று மூச்சு நேரம் காத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் இருந்த ஒலிப்பதிவாளர், "யாருமே இல்லையே மேடம், அந்த இடைவெளிய வெட்டிடவா?" என்றார். வெட்டக் கூடாது என்று உறுதியாகக் கூறினேன். கேட்டவர் காத்திருக்க வேண்டும்; அதுவே மரியாதை. "சரி, அப்புறம் என்ன சொல்லுவீங்க?" என்றார். நீ அதை எழுதவில்லை. ஆகவே நானே யோசித்து, கனிவான குரலில், "நல்லது" என்று சேர்த்தேன். ஒலிப்பதிவாளர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அந்த ஒரு சொல்லால்தான் பதிவுக்கு உயிர் வந்தது என்று நிறுவனத்தில் எல்லோரும் கூறுகிறார்கள்.

உனக்கு ஒரு வியப்பு வைத்திருக்கிறேன். உங்கள் கூடம் பயணத்தில் இல்லை. நானே மேலாளரிடம் வேண்டிச் சேர்த்துவிட்டேன். இரண்டு ஆண்டுகளாக உன் முகத்தைப் பார்க்கவில்லை. உன் மதிய நேரங்கள் காலியாகவே கிடக்கின்றன என்று நீயே முன்பு எழுதியிருந்தாய். அவற்றை என் குரல் நிரப்பும். காலையில் நீ, மதியம் நான். ஒரே கூரையின் கீழ் நாம் இருவரும் மீண்டும் இருப்பதுபோல் ஆகாதா?

மார்ச் முதல் வாரத்தில் வருகிறேன்.

ஆவலுடன்,
அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

நீ வந்துபோன பிறகு எழுதுகிறேன். நேரில் சொல்லியிருக்கலாம். உன்னை வேனில் ஏற்றிவிடும்வரை மேலாளர் பக்கத்திலேயே நின்றார்.

கறுப்புத் துணியின் ஒரு முனையைப் பிடித்துக் கட்டியது நான்தான். எதற்குக் கட்டுகிறேன் என்று தெரிந்துதான் கட்டினேன். விளக்கு அணைந்ததும் உன் குரல் வந்தது. நீ முன்வரிசையில் வாயை மூடிக்கொண்டு மிதித்துக்கொண்டிருந்தாய். கைப்பிடி யார் கழுத்தும் இல்லை என்று திரை சொன்னபோது எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு கேள்வி வந்தது. எல்லோரும் பதில் சொன்னார்கள் அக்கா. திரையைப் பார்த்துச் சொன்னார்கள். மருந்துக்கடைக்காரர் மட்டும் நான் நின்றிருந்த கதவுப் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னார். அவருக்கு மூச்சு வாங்கியது. நான் அவரிடம் போவதற்குள் உன் குரல் "நல்லது" என்றுவிட்டது. முதலாளி கையைக் காட்டி என்னை நிற்கச் சொன்னார்.

முதலாளி காலை, மதியம், மாலை மூன்றுக்கும் வாங்கிவிட்டார். "நீங்க போக வேண்டாம்மா. வரவேற்பு மேசையில உட்காருங்க, துண்டு மடிங்க, நேரத்துக்குத் திரைய போடுங்க" என்றார். ஒத்துக்கொண்டேன். வாடகை இருக்கிறது.

என் வேலைக்காக உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று செய். அந்தக் கேள்வியை மட்டும் பதிவிலிருந்து எடுக்கச் சொல். மீதி எல்லாம் இருக்கட்டும். அதைக் கேட்கிறவர்கள் யாரோ காதுகொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். யாரும் இல்லை.

தங்கை


மார்ச் 24

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தின் தொனி என்னை வருத்தியது என்பதை மறைக்க விரும்பவில்லை.

உன் முதலாளியின் முடிவுக்கு நான் எவ்விதத்திலும் பொறுப்பாக மாட்டேன். காலி நேரங்களுக்கு மட்டும் என்றே அவரிடம் கூறப்பட்டது. அவர் மூன்று வேளைக்கும் கேட்டபோது மேலாளர் மறுக்க இயலுமா? நான் முன்னின்று மறுக்க இயலுமா?

கேள்வியைப் பொறுத்தவரை, அது முதலில் என்னுடையது. நீயே அவ்வாறு எழுதியிருக்கிறாய். நாங்கள் செல்லும் எல்லா ஊர்களிலும் உறுப்பினர்கள் மிகவும் பாராட்டுவது அந்த இடத்தைத்தான். நேற்று ஓர் அம்மையார் வகுப்பு முடிந்து என் கைகளைப் பற்றிக்கொண்டு, "வீட்ல என்னை யாரும் இப்படிக் கேக்கறதில்ல" என்று கண் கலங்கினார். படிக்காதவள் என்று என்னை ஒதுக்கிய உலகம் இன்று என் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறது. அதை வெட்டி எறி என்று உடன்பிறந்தவளே கேட்பது முறையா?

ஆயினும், சுற்றுப்பயணம் முடிந்ததும் தக்க தருணம் பார்த்து மேலாளரிடம் இதனைப் பேசுவேன். கோபம் தணிந்து எழுதுவாயாக. மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது என்றும் தெரிவிக்கவும்.

அன்பு மாறாத,
அக்கா


ஏப்ரல் 17

அக்கா,

மருந்துக்கடைக்காரர் இறந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை காலை, உன் வகுப்பில், அவருடைய ஓரத்துச் சைக்கிளில்.

நான் மேசைக்குப் போன பிறகும் அவர் வருவதை நிறுத்தவில்லை. "நாங்களும் வராம நின்னுட்டா அந்த மேசையையும் பிடுங்கிடுவாங்க டீச்சர்" என்பார். கேள்வி வரும்போது, உள்ளே இருட்டிலிருந்து, மூடிய கதவைத் தாண்டி எனக்குக் கேட்கும்படி கத்துவார். நான் துண்டு மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பேன். முழுதாக வந்தால் மீண்டும் மடிப்பேன். உடைந்துவந்த இரண்டு முறை, முதலாளி திட்டினாலும் பரவாயில்லை என்று உள்ளே போய்த் திருகைத் தளர்த்தினேன். கதவைத் திறந்தால் திரையில் வெளிச்சம் விழுகிறதாம். இன்னொரு முறை திறந்தால் வேலை இல்லை என்றார்.

செவ்வாய்க்கிழமை நீ கேட்டாய். உள்ளே இரண்டு மூன்று பேர் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அவர் குரல் வரவில்லை. எழுந்துபோய்க் கதவின் பிடியில் கை வைத்தேன். வேலையை நினைத்துத் தயங்கினேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் திறந்திருப்பேன். கை பிடியை அழுத்திக்கொண்டுதான் இருந்தது.

அப்போது நீ "நல்லது" என்றாய்.

நான் கையை எடுத்துவிட்டேன் அக்கா. சின்ன வயதில் அந்தக் குரல் சரி என்று சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். யோசித்து எடுக்கவில்லை. கை தானாக வந்துவிட்டது. திரும்பிப்போய் உட்கார்ந்து துண்டை மடித்தேன். நீ உள்ளே, இன்னும் கொஞ்ச தூரம்தான், விடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாய்.

விளக்கு எரிந்தபோது அவர் கைப்பிடிமேல் தலை சாய்த்திருந்தார். களைத்துப்போய்ப் படுத்திருக்கிறார் என்று பக்கத்துச் சைக்கிள் பெண் நினைத்திருக்கிறாள்.

அவர் வீட்டம்மா வந்தபோது என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "ஏதாவது சொன்னாராம்மா?" நான் இல்லை என்றேன்.

வேலையை விட்டுவிட்டேன். எனக்கு எழுதாதே. உன் கையெழுத்தைப் பார்த்தாலும் உன் குரல்தான் கேட்கிறது.


ஜூன் 2

தங்கைக்கு,

எழுதாதே என்று சொன்னாய். ஒன்றரை மாதம் எழுதவில்லை. இது ஒன்று.

உன் கடிதத்தை மேலாளரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தார். வயதானவர், எங்கே இருந்தாலும் நடந்திருக்கும் என்றார். கேள்வியையாவது எடுத்துவிடுங்கள் என்றேன். பதிவு எல்லாக் கூடங்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். பிறகு, "நல்லாத்தானே போயிட்டிருக்கு, ஏன் நீங்களே கெடுத்துக்கறீங்க?" என்று கேட்டார். என்னிடம் எத்தனையோ அழகான வாக்கியங்கள் உண்டு என்று நினைத்திருந்தேன். வேனிலிருந்து என் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

நான் விட்டுவிட்டேன். என் குரல் விடவில்லை. அதே பாதையில் பேருந்தில் திரும்பி, நாங்கள் விற்ற கூடங்களுக்கு ஒவ்வொன்றாகப் போகிறேன். உள்ளே ஓர் ஆளை நிறுத்துங்கள், இல்லையென்றால் அந்த இடம் வரும்போது ஒலியை அணைத்துவிடுங்கள் என்று கேட்கிறேன். ஒரு முதலாளி சரி என்றார். மற்றவர்கள் என்னை வேறு நிறுவனத்து ஆள் என்று நினைக்கிறார்கள். நேற்று ஒரு கூடத்துக்கு வெளியே நடைபாதையில் நின்றிருந்தேன். கறுப்புத் துணி கட்டிய சன்னலுக்குப் பின்னால் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். ஒருவரும் பதில் சொன்னதுபோல் தெரியவில்லை. மூன்று மூச்சு. பிறகு நான், "நல்லது" என்றேன். அவ்வளவு கனிவாக இருந்தது. கதவைத் தட்டினேன். உள்ளிருந்தவர்களுக்குக் கேட்கவில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டு நான்கு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தபோது நன்றாக எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன்.

நீ வேலையில்லாமல், அந்த அறையில், மூச்சிரைப்போடு தனியாக இருக்கிறாய். வேறெதையும் நான் கேட்கவில்லை. கீழே கேள்விக்குப் பின் இடம் விட்டிருக்கிறேன். இந்தத் தாளிலேயே எழுதி அனுப்பு. ஒரு வரி போதும். அதைப் படிக்கும்வரை நான் அடுத்த சொல்லைச் சொல்ல மாட்டேன். பதில் வராவிட்டால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும்.

நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டே?

 

 

அக்கா