மாடிப்படிக்குக் கீழே இருந்த மீட்டர்

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உயிரோடும் சௌக்கியமாகவும் இருக்கிறோம். உயிரோடு என்று தனியாக ஏன் எழுதினேன் என்பது போகப் போகத் தெரியும். நீயும் மருமகளும், நாங்கள் இதுவரை போட்டோவில் மட்டுமே பார்த்திருக்கிற எட்டு மாதப் பேத்தியும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் கடிதம்.

விஷயம், குழாயில் வருகிற கேஸுக்கான மீட்டர். வீட்டுக்குள் இருக்கிற மீட்டரையெல்லாம் வாசல் சுவருக்கு வெளியே மாற்றுகிறோம், கசிந்தாலும் காற்றோடு போய்விடும், தீப்பிடித்தால் தெருவில் நின்றபடியே அடைத்துவிடலாம் என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. தெருவில் எல்லோரும் சரி என்றார்கள், உன் அப்பாவுக்குத்தான் ஒப்பவில்லை. மாடிப்படிக்குக் கீழே அலமாரியில் இருந்த அந்த மீட்டரை அவர் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று உனக்கே தெரியும். அலமாரிக்குப் பூட்டு, சாவி அவர் இடுப்பில். தினமும் பல் துலக்கியதும் கதவைத் திறந்து மூக்கை உள்ளே நீட்டி, ஒன்றுமில்லை என்று அவர் அறிவித்த பிறகுதான் நான் அடுப்பைப் பற்ற வைக்கலாம். வெளியே வைத்தால் மழையில் நனையும், தெரு நாய் காலைத் தூக்கும், போகிறவன் வருகிறவன் எல்லாம் திருகிப் பார்ப்பான் என்று கம்பெனிக்கு நான்கு பக்கம் பதில் எழுதினார். இரண்டாவது கடிதத்துக்கும் நான்கு பக்கம். மூன்றாம் முறை அவர்கள் எழுதவில்லை, நேரே வந்துவிட்டார்கள்.

இதற்கு நடுவே ஒன்று சொல்ல வேண்டும். மூன்று மாதமாகக் கூடத்தில் எனக்கு அவ்வப்போது அழுகின முட்டை நாற்றம் வந்துகொண்டிருந்தது. அவரிடம் சொன்னேன். வந்து நின்று மோந்து பார்த்துவிட்டுச் சாக்கடை என்று தீர்ப்புச் சொன்னார். நானும் குழாய் வேலைக்காரரை இரண்டு தடவை கூப்பிட்டுச் சுத்தம் செய்தேன், அந்தச் சாக்கடையில் இப்போது இலை போட்டுச் சாப்பிடலாம். நாற்றம் மட்டும் போகவில்லை. இந்த வீட்டுக்கு மூக்கு அவர்தான் என்பதால் நான் வாயை மூடிக்கொண்டேன்.

வந்தது இரண்டு பேர். சுவரில் துளை போட ஒருவர், அவருக்கு மேலே உன் வயதில் ஒரு பெண் மெக்கானிக். அவள் அலமாரியைத் திறந்து ஒரு கருவியை உள்ளே நீட்டினாள், அது கத்திய கத்தில் பக்கத்து வீட்டு வாத்தியார் வெளியே வந்துவிட்டார். சுவிட்ச் எதையும் தொடாதீர்கள், வெளியே போங்கள் என்றாள். ஒன்றரை மணி நேரம் தெருவில் நின்றோம், உன் அப்பா பனியனோடு. மீட்டருக்குப் போகும் பழைய இணைப்பில் கசிவாம். அலமாரிக்குப் பின்னால் இருந்த விரிசல் வழியாகப் பாதி வெளியே போய்க்கொண்டிருந்ததால் தப்பித்தீர்கள் என்றாள். அந்த விரிசலைப் பூசச் சொல்லி இரண்டு வருஷமாக நான் நச்சரித்துக்கொண்டிருந்தேன். அவருடைய சோம்பல்தான் எங்களைக் காப்பாற்றியது. வாடையே வரவில்லையா என்று அவள் கேட்டதற்கு, காலையில்கூடப் பார்த்தேன், ஒன்றுமில்லை என்றார்.

சாயங்காலத்துக்குள் மீட்டர் வாசல் சுவரில் ஒரு சாம்பல் நிறப் பெட்டிக்குள் போய்விட்டது. கிளம்பும் முன் அவள் ஓர் அட்டையை நீட்டினாள். அதைச் சுரண்டினால் கேஸ் வாடை வரும், வீட்டிலிருப்பவர்கள் பழகிக்கொள்வதற்காக வீட்டுக்கு வீடு கொடுக்கிறார்கள். உன் அப்பா வாங்கி மூக்கருகே வைத்துக் கண்ணை மூடி, "ஆமா, நல்லாத் தெரியுது" என்றார். "ஐயா, இன்னும் சுரண்டவே இல்லையே" என்றாள். பிறகு அவளே சுரண்டிக் கொடுத்தாள். வாசற்படியில் நின்ற நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் நல்ல பெண், மேலே எதுவும் கேட்காமல் கசிந்தால் சத்தம் போடும் பெட்டி ஒன்றைச் சமையலறையில் மாட்டிவிட்டுப் போனாள்.

அவள் போனதும் பிடித்துக் கேட்டேன். மழைக்காலத்தில் வந்த காய்ச்சலிலிருந்தே அவருக்கு மோப்பம் இல்லையாம், ஆறு மாதமாகிறது. அந்த ஆறு மாதமாகத்தான் என் சமையல் மணக்கிறது மணக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். முப்பத்தாறு வருஷமாகச் சொல்லாதவர் சொன்னபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இரண்டு பேரும் போய்ச் சேர்ந்திருப்போமே, ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று கத்தினேன். "பாப்பா வர்றதுக்குள்ள சரியாயிடும்னு இருந்தேன். அவ உச்சந்தலைய மோந்து பாக்க வேணாமா" என்றார். எனக்கு இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, அடுக்களைக்குப் போய் அழுதேன். மூக்கு டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஒரு வருஷம்கூட ஆகலாம், வராமலும் போகலாம் என்கிறார். வீட்டுக்கு வரும் வழியில், நீங்கள் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள், நான் மோந்து பார்த்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டு தெரு தாண்டும்வரை யோசித்துவிட்டு, "உன் சொந்தச் சரக்கச் சேக்காம சொல்லணும்" என்றார். சரி என்றிருக்கிறேன்.

உங்கள் வீட்டு மீட்டர் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று இன்றைக்கே பார். பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று உன் அப்பாவைப் போல இழுக்காதே. நான் இதையெல்லாம் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருங்கள், என் ஆசி உங்களுக்கு எப்போதும் உண்டு. அடுத்த மாதம் வரும்போது மறக்காமல் ஒன்று செய். மருமகளிடமும் சொல்லிவை. வந்து இறங்குகிற அன்றைக்குக் குழந்தைக்குப் பவுடர் கிவுடர் எதுவும் போடாதீர்கள். நான் அவருக்கு உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா