மாடிப்படிக்குப் பின்னால் ஓர் உலகம்

ஜூன் 9

மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று கூட்டமில்லை. உட்கார்ந்து மகளின் சிறுவர் நாவலைப் படித்தேன். மகள் என்று எழுதிவிட்டேன். மனைவியின் மகள். பத்து வயது. அவளுடைய அப்பா இறந்து மூன்று வருடமாகிறது. நான் இந்த வீட்டுக்கு வந்து ஆறு மாதம். ஒருநாளும் என்னிடம் முகம் சுளித்ததில்லை. “சரி அங்கிள்”, “வேணாம் அங்கிள்” — விருந்தாளியிடம் பேசுவதுபோல. அவள் படிப்பதை நானும் படித்தால் பேச ஏதாவது கிடைக்காதா?

ஜூன் 12

எல்லாக் கதையிலும் ஒரு சுவரோ படிக்கட்டோ திறந்துகொள்கிறது. அப்பால் வேறோர் உலகம். பிள்ளைகள் அங்கே வருடக்கணக்கில் கப்பலோட்டிவிட்டுத் திரும்பினாலும் இங்கே டீ ஆறியிருக்காது. நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 20

பள்ளி விட்டும் அவள் வரவில்லை. மனைவி வேலையில். கடையைப் போட்டது போட்டபடி ஓடினேன். தோழி வீடு, நூலகம், பூங்கா — எங்கும் இல்லை. கடைசியில், அவள் அப்பா இருந்தபோது அவர்கள் குடியிருந்த கட்டிடத்தில், மாடிப்படிக்கு அடியில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

“அப்பா இருக்கிற உலகத்துக்கு இங்க வழி இருக்கும்னு நெனச்சேன். போயிட்டு உடனே வந்துடலாம்னுதான். அங்க பத்து வருஷம் ஆனாலும் இங்க ஒரு நிமிஷந்தானே. யாருக்கும் தெரியாது.”

“இங்க தலைகீழா இருந்துச்சும்மா. உன்னைக் கண்ணால பாக்கிற வரைக்கும் எனக்குப் பத்து வருஷம் ஓடிடுச்சு.”

என் முகத்தையே பார்த்தாள். பிறகு அழுதாள். நானும்தான். கடவுளே, கிடைத்துவிட்டாள். வேறென்ன வேண்டும்?

ஜூன் 21

இன்று அவள் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். விசிலடித்துக்கொண்டே சமைப்பாராம், உப்பு மட்டும் எப்போதும் மறந்துபோகுமாம். இப்படியொரு பிள்ளையை வளர்த்துவைத்துவிட்டுப் போன மனிதருக்கு நான் எங்கே போய் நன்றி சொல்வது?

ஜூலை 3

அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று சத்தமாகப் படிக்கிறோம். அரக்கன் வந்தால் மட்டும் யார் முறையானாலும் நான்தான்.

ஜூலை 18

என் வாய் சும்மா இருக்காது. புது நாவலைக் கடையிலேயே முடித்துவிட்டு, சாப்பிடும்போது, “கடைசியில அந்த வாசல் மூடிக்குதே, பாவம்” என்று உளறிவிட்டேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“நான் இன்னும் பாதிகூடப் படிக்கல. எல்லாத்தையும் கெடுத்துட்ட. போப்பா.”

அறைக் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள்.

மனைவி சிரித்தாள். “இப்பதான் வீட்டு ஆளாயிருக்கீங்க.”

‘போப்பா’ என்று யாரும் யாரையும் சொல்வார்கள்தான். எனக்குத் தெரியாதா? ஆனால் அதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளும் உத்தேசமில்லை.