ஜெயந்திமாலா விழுந்த இடம்

ஆவோஸ்தா, இத்தாலி
15.6.2025

அன்புள்ளவருக்கு,

தினம் போன்ல பேசறோம். ஆனா அது பேச்சு மாதிரியே இல்லை. அபி போனைப் பிடிச்சிருக்கான், அக்ஷயா பாப்பாவைக் காட்டறா, நீங்க சாப்பிட்டியான்னு கேக்கறீங்க, நான் ஆச்சுன்னு சொல்றதுக்குள்ள கட் ஆயிடுது. அதனால பேப்பர்ல எழுதி போட்டோ எடுத்து அனுப்பறேன். நீங்களும் அப்படியே அனுப்புங்க. நமக்குள்ள பேச ஒரு இடம் வேணும்.

பாப்பா நல்லா பால் குடிக்கிறா. பிரசவத்துக்கு அப்புறம் அக்ஷயாவுக்கும் உடம்பு தேறிடுச்சு. இங்க ராத்திரி ஒன்பது மணிக்கு மேலயும் வெளிச்சம் இருக்கு. பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டு முடிக்கிற நமக்கு இந்த ஊர்ல ரொம்ப சலுகை. அபிதான், "அம்மா, இங்க ஜைனரா இருக்கிறது ஈஸி, டிசம்பர்ல மட்டும் வராதே"ன்னு சொல்றான்.

இந்த ஊர் ஒரு பள்ளத்தாக்கு. ரெண்டு பக்கமும் மலை வரிசையா போகுது. ரோமாபுரி ராஜாக்கள் படையோட போன ரோடாம் இது. ஊருக்குள்ளயே அவங்க கட்டின வளைவு இன்னும் நிக்குது, அதைச் சுத்தி பஸ் போகுது. எந்த மேட்டைப் பார்த்தாலும் ஒரு கோட்டை. அபி வேலை செய்யற இரும்பு ஆலைக்குப் பக்கத்துல இருந்து மலைக்கு கேபிள் கார் போகுது. அதுல மனுஷங்களோட சைக்கிளும் ஏறுது. மேல போய், மலைப்பாதையில சைக்கிள்லயே இறங்கி வர்றாங்க.

சனிக்கிழமை அங்க போனோம். பாவ்லான்னு ஒரு அம்மா சைக்கிள் வாடகைக்கு விடறாங்க. என் வயசுதான் இருக்கும். "நீங்க ஓட்டுவீங்களா?"ன்னு கேட்டாங்க. அபி சிரிச்சிக்கிட்டே இல்லைன்னான். நான் ஓட்டுவேன்னேன். பள்ளிக்கூடத்துக்கு ஏரிக்கரை மேல சைக்கிள்ல போனவதானே நான். பின்னாடி அடி அண்ணாமலை ஊர்ப் பொண்ணு ஒருத்தியையும் ஏத்திக்கிட்டு போவேன்.

மலை இடுப்புல பழைய காலத்து வாய்க்கால் ஒண்ணு ஓடுது. வயலுக்குத் தண்ணி கொண்டுபோக பல நூறு வருஷத்துக்கு முன்னாடி வெட்டினதாம். அதோட கரைதான் பாதை. கொஞ்ச தூரம் ஓட்டினேன். இறங்கினப்ப தொடையெல்லாம் வலிச்சது. ஆனா நாளைக்கும் போகப் போறேன்.

உங்க
ஜெயந்தி


திருவண்ணாமலை
20.6.2025

அன்புள்ள ஜெயந்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கு நானும் நம் லாட்ஜும் ஒருவாறு இருக்கிறோம். மோட்டார் இரண்டு முறை புகைந்துவிட்டது. மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று ஆந்திராவிலிருந்து வந்த ஒரு குடும்பம் சத்தம் போட்டுவிட்டு அறையைக் காலி செய்தது. மத்தியானச் சாப்பாடு ஓட்டலில் இருந்து வருகிறது. பகவான் அருளால் வயிறு தாங்குகிறது.

சைக்கிள் விஷயம் படித்தேன். ஒரு நாள் ஆசைக்கு ஓட்டியது சரி. நீ குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போனாய் என்பதை மறக்க வேண்டாம். ஐம்பத்தைந்து வயதில் எலும்பு முன்போல் இருக்காது. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு நிற்கும் போட்டோவைக் குடும்ப குரூப்பில் போட வேண்டாம் என்று அபியிடம் சொல்லிவிட்டேன். அக்கா பார்த்தால் நூறு கேள்வி கேட்பாள்.

மாத்திரையை விடாமல் சாப்பிடு.

அன்புடன்
சக்கரவர்த்தி


ஆவோஸ்தா
3.7.2025

அன்புள்ளவருக்கு,

ஓட்டல் சாப்பாட்டுல காரம் ஜாஸ்தியா இருக்கும். மோர் வாங்கி வெச்சிக்கோங்க. மோட்டாருக்கு மறுபடி மறுபடி ரிப்பேர் பார்க்காதீங்க, புதுசு வாங்கிடுங்க.

பாப்பாவை நான் விடலை. காலையில குளிப்பாட்டி, பால் குடிக்க வெச்சி, தூங்க வெச்சிட்டுத்தான் கிளம்பறேன். "அத்தை, நீங்க போய்ட்டு வந்தா முகம் நல்லா இருக்கு, போங்க"ன்னு அக்ஷயாவே தள்ளி விடறா.

இப்ப வாய்க்கால் பாதை பழகிடுச்சு. பாவ்லா என்னை மேல கூட்டிட்டுப் போறாங்க. மலை மேல மாடு மேயற புல்வெளியில இருந்து கீழ கிராமம் வரைக்கும், முன்ன காலத்துல கோவேறு கழுதையில உப்பும் பாலாடைக்கட்டியும் ஏத்திக்கிட்டு போன பாதை அது. பலகைக் கல்லு பதிச்சிருக்கு. ஓரத்துல காட்டு மரம், வேர் எல்லாம் குறுக்க கிடக்குது. அதுலதான் இறங்கணும்.

சீட்டுல உக்காரக் கூடாது. ரெண்டு பெடலும் சமமா வெச்சி நிக்கணும். கல்லைப் பார்த்தா கல்லு மேலயே போய் விழுவோம், போக வேண்டிய இடத்தைப் பாருங்கன்னு பாவ்லா சொன்னாங்க. சொன்னது இத்தாலியன்ல. அவங்களுக்கு இங்கிலீஷ் கம்மி, எனக்கு இத்தாலியன் சுத்தமா இல்லை. ஆனா புரிஞ்சிடுது.

பாதைக்கெல்லாம் கலர் வெச்சிருக்காங்க. நீலம் சுலபம், சிவப்பு கஷ்டம், கறுப்பு நமக்கில்லை. நான் நீலம் முடிச்சிட்டேன். ஊருக்குக் கிளம்பறதுக்குள்ள அந்தக் கழுதைப் பாதையை மேல இருந்து கீழ வரைக்கும் இறங்கிடணும். அது சிவப்பு. வர்ற ஞாயிறு பாதி வரைக்கும் போய்ப் பார்க்கறோம்.

கோவிச்சுக்காதீங்க. ரொம்ப வருஷத்துக்கு அப்புறம் ராத்திரி படுத்தா உடம்பு வலிக்குது, மனசு வலிக்கலை.

உங்க
ஜெயந்தி


திருவண்ணாமலை
9.7.2025

ஜெயந்திக்கு,

நேற்று அபி சொன்னான். மணிக்கட்டில் விரிசல், நான்கு வாரம் கட்டு என்றான். ஞாயிற்றுக்கிழமை விழுந்ததைச் செவ்வாய்க்கிழமைதான் எனக்குச் சொல்லத் தோன்றியது உங்களுக்கு. உன்னைக் கேட்டால் ஒன்றுமில்லை என்பாய் என்றுதான் உனக்கு போன் செய்யவில்லை.

நாளை பௌர்ணமி. லாட்ஜ் நிரம்பி வழிகிறது. ஒவ்வொருவனுக்கும் சாவி கொடுக்கும்போது அறை எண்ணை மாற்றிச் சொல்கிறேன். தலையில் அடிபட்டிருந்தால்? அந்தக் காட்டில் யார் தூக்கியிருப்பார்கள்? நீ யோசித்தாயா?

இனி சைக்கிளைத் தொடக்கூடாது. டிக்கெட்டை இந்த மாதக் கடைசிக்கு மாற்றச் சொல்லி அபியிடம் சொல்லியிருக்கிறேன்.

அக்கா கேட்டாள். நீ பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாய் என்று சொல்லியிருக்கிறேன். யார் கேட்டாலும் நீயும் அப்படியே சொல்.

சக்கரவர்த்தி


ஆவோஸ்தா
12.7.2025

அன்புள்ளவருக்கு,

இடது கை கட்டுல இருக்கு. வலது கையாலதான் எழுதறேன். வலி குறைஞ்சிடுச்சு. உடனே சொல்லாதது என் தப்பு. நீங்க பயந்துடுவீங்கன்னு நான்தான் அபியைத் தடுத்தேன்.

எப்படி விழுந்தேன்னு நீங்க கேக்கவே இல்லை. நானே சொல்றேன். ஒரு வளைவு. உள்பக்கம் பாறை, வெளிப்பக்கம் சரிவு. ஈரக் கல்லு மேல முன் பிரேக்கை இறுக்கிப் பிடிச்சிட்டேன். சக்கரம் நின்னுடுச்சு, நான் நிக்கலை. பாவ்லா ஓடிவந்து தூக்கினாங்க. ஹெல்மெட்டுல ஒரு கீறல்கூட இல்லை. கையைத் துணியில கட்டிக்கிட்டு நானே நடந்து கீழ வந்தேன்.

உங்க லெட்டருக்கு முன்னாடியே உங்க அக்கா சரோஜா அண்ணி போன் பண்ணிட்டாங்க. பாத்ரூம்ல ரப்பர் மிதியடி போடணுமாம், ஸ்டூல் போட்டு உக்காந்து குளிக்கணுமாம். நான் ஆமாம்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. இல்லைன்னா நீங்க பொய் சொன்னவர் ஆயிடுவீங்க. ஆமாம்னா நான் பொய் சொன்னவ ஆயிடுவேன்.

கல்யாணமான வருஷம் எனக்கு சர்க்கார் பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சர் வேலை கிடைச்சது. விசில் ஊதிக்கிட்டு கிரவுண்டுல நிக்கிற மருமக நமக்கு வேணாம்னு உங்க வீட்டுல முடிவு பண்ணாங்க. கேட்டவங்ககிட்ட எல்லாம் "அவளுக்கே இஷ்டம் இல்லை"ன்னு நீங்க சொன்னீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். எனக்கு இஷ்டம் இருந்தது. அன்னைக்கு வாயைத் திறக்கலை. முப்பது வருஷமா ஊரே, ஜெயந்திக்கு வெளிய போய் வேலை செய்ய சோம்பேறித்தனம்னு நினைச்சிக்கிட்டிருக்கு.

நான் பாத்ரூம்ல விழலைங்க. மலையில விழுந்தேன். எனக்கு அது ஒண்ணும் அசிங்கமா இல்லை. சரோஜா அண்ணிகிட்ட நீங்களேதான் உண்மையைச் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்.

டிக்கெட்டை மாத்த வேணாம். மாத்தினாலும் நான் ஏற மாட்டேன். ஆகஸ்ட் கடைசிக்குத்தானே போட்டிருக்கு, அன்னைக்கே வர்றேன். கட்டு பிரிச்சி, டாக்டர் சரின்னு சொன்னதும் மறுபடி அந்தப் பாதைக்குப் போவேன்.

உங்க
ஜெயந்திமாலா


ஆவோஸ்தா
10.8.2025

அன்புள்ளவருக்கு,

ஒரு மாசமா உங்ககிட்ட இருந்து லெட்டர் இல்லை. போன்லயும் பாப்பாவைப் பார்க்கறீங்க, என்னைப் பார்க்கறதில்லை. அபி டிக்கெட்டை மாத்தலை. அவன் மேல கோபப்படாதீங்க, நான்தான் வேணாம்னேன்.

கட்டு பிரிச்சாச்சு. கை கொஞ்சம் மெலிஞ்சிருக்கு. டாக்டரம்மா ரப்பர் பந்து கொடுத்து அமுக்கச் சொன்னாங்க. பாப்பாவை மடியில வெச்சிக்கிட்டு அமுக்கறேன். வாய்க்கால் பாதையில மறுபடி ஓட்ட ஆரம்பிச்சிட்டேன். முதல் நாள் பிரேக்கைத் தொடவே பயமா இருந்தது. பாவ்லா பின்னாடியே வந்தாங்க.

வர்ற 24ஆம் தேதி, ஞாயித்துக்கிழமை, கழுதைப் பாதையில இறங்கறேன். முழுசா. ஒளிச்சிட்டேன்னு நீங்க நினைக்கக் கூடாதுன்னு முன்னாடியே சொல்லிட்டேன்.

நேத்து பௌர்ணமிக்குக் கூட்டம் எப்படி? ஒழுங்கா தூங்கறீங்களா?

உங்க
ஜெயந்திமாலா


திருவண்ணாமலை
21.8.2025

அன்புள்ள ஜெயந்திமாலாவுக்கு,

எழுதாமல் இருந்தது கோபத்தினால்தான். வேறு காரணம் சொல்லி என்ன பயன்?

நேற்று வேங்கிக்காலில் அக்கா மகளின் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். நம் ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பந்தியில் உட்கார்ந்திருந்தேன். அக்கா எல்லாருக்கும் கேட்கும்படி உன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாவம், ஜெயந்திக்கு வயதாகிவிட்டது, பாத்ரூமுக்குக்கூட நிதானமாகப் போகத் தெரியவில்லை, இந்த வயதில் வெளிநாடு எதற்கு, இனிமேல் அவளைத் தனியாக எங்கேயும் அனுப்பாதே என்று. சுற்றி இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருத்தி உனக்கு ஊன்றுகோல் வாங்கலாம் என்று கடையின் பெயரைச் சொன்னாள்.

உன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று நினைத்திருந்தேன். நான் சொன்ன ஒரு வார்த்தையில் நீ அத்தனை பேர் வாயிலும் கிழவி ஆகிவிட்டாய்.

"அவ பாத்ரூம்ல விழலைக்கா. மலையில சைக்கிள்ல இறங்கும்போது விழுந்தா. நான்தான் பொய் சொன்னேன்" என்றேன்.

பந்தியே நின்றுவிட்டது. பரிமாறிக்கொண்டிருந்தவன் சாம்பார் வாளியோடு அப்படியே நின்றான். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஏன்டா என்கிட்டயே பொய் சொன்னே என்று கேட்டாள். பிறகு, "சரி, இனிமே அந்தப் பக்கம் போக மாட்டா இல்ல?" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை மறுபடியும் இறங்கறா" என்றேன்.

அக்கா அதன் பிறகு என்னோடு பேசவில்லை. கிளம்பும்போது தாம்பூலப் பையைக்கூட வேறு ஆளிடம் கொடுத்தனுப்பினாள். ஆனால் அவள் பேத்தி நிவேதா வண்டி வரைக்கும் வந்து, வீடியோ இருக்கா தாத்தா, காட்டுங்க என்றாள். என்னிடம் இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அபி எத்தனையோ முறை அனுப்பினான், நான்தான் திறந்து பார்க்காமல் அழித்துவிட்டேன்.

நேற்று இரவு அபியிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். வாய்க்கால் கரையில் நீ போகிறாய். திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாய். நான்கு முறை பார்த்தேன்.

பயம் எனக்கு இன்னமும் போகவில்லை. அது போகாது. போய் வா. முடிந்ததும், எவ்வளவு நேரமானாலும், எனக்கு முதலில் சொல்.

அன்புடன்
உன் சக்கரவர்த்தி


ஆவோஸ்தா
25.8.2025

என் அன்புள்ளவருக்கு,

நேத்து போன்ல "இறங்கிட்டேன்"னு மட்டும்தான் சொல்ல முடிஞ்சது. நீங்களும் "சரி"ன்னு சொல்லிட்டு போனை வெச்சிட்டீங்க. மீதியை இப்ப எழுதறேன்.

காலையில மேல போனோம். புல்வெளி பனியில நனைஞ்சிருந்தது, மாட்டுக் கழுத்துல மணி சத்தம். எதிர்ல வெள்ளை வெள்ளையா மலை. பாவ்லா என் பிரேக்கை ஒருதரம் இழுத்துப் பார்த்தாங்க. உங்க லெட்டரை முந்தாநாளே படிச்சிட்டேன். அது மனசுல இருந்தது.

மேல்பாதி மரக்காடு. வேர் மேல சக்கரம் குதிச்சிக் குதிச்சிப் போச்சு. ஒரு இடத்துல கல்லுப் படி செங்குத்தா இறங்குது. அங்க இறங்கி, தள்ளிக்கிட்டு நடந்தேன். அதை உங்ககிட்ட மறைக்கப் போறதில்லை. அந்தப் படியில பாவ்லாவும் இறங்கி நடந்தாங்க.

அப்புறம் அந்த வளைவு வந்தது. அன்னைக்கு மாதிரியே கல்லு ஈரமா இருந்தது. நின்னுடலாமான்னு தோணிச்சு. நிக்கலை. கல்லைப் பார்க்காம, வளைவு முடியற இடத்துல இருந்த ஒரு மஞ்சப் பூச்செடியைப் பார்த்தேன். ரெண்டு பிரேக்கையும் மெதுவா, ஒரே ஒரு விரலால பிடிச்சேன். பின் சக்கரம் கொஞ்சம் வழுக்கிச்சு. கையில வலி சுருக்குனு வந்தது. பிடியை விடலை. பார்த்தா செடி எனக்குப் பின்னாடி இருந்தது.

அதுக்கப்புறம் கிராமம் வரைக்கும் நான் என்ன நினைச்சேன்னே தெரியலை. கல்லு வீடுங்களுக்கு நடுவுல சந்து மாதிரி பாதை முடியுது. சர்ச்சுக்கு முன்னாடி தண்ணித் தொட்டி. அங்க அபியும் அக்ஷயாவும் பாப்பாவோட நின்னாங்க. அபி அழுதான். அவன் அழுததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. முகம் கழுவினேன், தண்ணி ஐஸ் மாதிரி இருந்தது.

பந்தியில நீங்க சொன்னதைப் பல தடவை படிச்சேன். எனக்காக நீங்க அப்படி ஒரு சபையில பேசி நான் கேட்டதில்லை. சரோஜா அண்ணி கோபம் நியாயம்தான். நான் வந்ததும் அவங்க வீட்டுக்கு நானே போறேன். நிவேதாவுக்கு வீடியோ அனுப்பிட்டேன்.

இன்னொரு விஷயம். ஊருக்கு வந்ததும் நான் ஒரு சைக்கிள் வாங்கறேன். மலையைச் சுத்தற ரோட்டுல காலையில கூட்டம் இல்லாத நேரத்துல ஓட்டுவேன். இதுக்கு உங்ககிட்ட சம்மதம் கேக்கலை, விஷயத்தைச் சொல்றேன்.

உங்களுக்கும் ஒண்ணு வாங்கவா? இதை மட்டும் கேக்கறேன்.

உங்க
ஜெயந்திமாலா